கேட்டல் பதினைந்து, கற்றல் பதினைந்து

முதல் பரீட்சை பாஸானது போன சித்திரையில்.
திரையில் மதிப்பெண் வந்து நின்ற அந்த நிமிஷமே
மூன்று வருஷம் ஓடத் தொடங்கிவிட்டது.
பால் பாக்கெட்டைப் போல
சான்றிதழுக்கும் கெட்டுப்போகிற தேதி உண்டு.
அதற்குள் அடுத்ததை எழுதினால்
பழையதும் புதிதாகும்.

அடுத்ததற்கு எத்தனை நாள் படிக்கணும்?

ஆறு வாரம் என்றான் ரெக்ஸ்லின்.
பெங்களூரில் தனியறை அவனுக்கு,
சோறு மெஸ்ஸில்.
ஆறு மாசம் என்றார் ஷிஃப்ட் லீடர் அனில்குமார்.
மலையாளத்தில் சொன்னதாலோ என்னவோ
இன்னும் நீளமாய்க் கேட்டது.
வீட்டில் சுஜின் கேட்டது வேறே:
"இன்னும் உண்டா? ஒண்ணு போராதா?"

காலை ஏழேகாலுக்குக் குழித்துறையில் ஏறினால்
பாறசாலையில் கிராசிங்.
எதிரே வருவது போன பிறகே நாங்கள் போகலாம்.
ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடிக் கிடக்கும்
பழைய ஹப் மாதிரி
ஒற்றைத் தண்டவாளம்.
அந்தப் பதினெட்டு நிமிஷம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.
திரும்புகிற வண்டியில் நிற்கவே இடமில்லை,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
ஆயிரத்து நூறு பக்கப் புத்தகம்.
வண்டி நேரத்துக்கு ஓடிய நாளில்
நான் ஒரு வரி படித்ததில்லை.

ஸ்விட்சில் கம்பியைச் செருகியதும்
விளக்கு உடனே பச்சையாவதில்லை.
பதினைந்து வினாடி கேட்டுக்கொண்டிருக்கும்.
பதினைந்து வினாடி கற்றுக்கொண்டிருக்கும்.
பிறகுதான் கடத்தும்.
அவசரப்பட்டால் சுற்றுக்குள் சுற்று விழுந்து
ஆபீஸ் மொத்தமும் ஸ்தம்பிக்கும்.
பரீட்சையில் இதற்கு ஒரு கேள்வி வரலாம், வராமலும் போகலாம்.
அன்றைக்கு மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தகரப் பெட்டிக்கு
யாரோ உட்கார்ந்து வினாடி குறித்திருக்கிறார்கள்.

ரௌட்டர்களுக்கும் அப்படித்தான்.
பத்து வினாடிக்கு ஒரு ஹலோ.
நாற்பது வினாடி சத்தமில்லையென்றால்
பக்கத்து வீட்டுக்காரன் செத்ததாகக் கணக்கு;
வழிகளையெல்லாம் அழித்து எழுதும்.

ஆடியில் பையனுக்குக் காய்ச்சல்.
மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரி, ஆட்டோ, கஞ்சி, ரத்தப் பரிசோதனை.
பதினோரு நாள் நான் ஹலோ சொல்லவில்லை.
பன்னிரண்டாம் நாள் புத்தகத்தைத் திறந்தால்
கல்யாண வீட்டில் பேர் மறந்த ஒருத்தியைப் போல
சிரிக்கவும் முடியாமல் நின்றது சப்நெட் மாஸ்க்.
ஸ்லாஷ் இருபத்தேழில் எத்தனை பேர் குடியிருக்கலாம்?
தூக்கத்தில் கேட்டாலும் முப்பது என்பேன் முன்பெல்லாம்.
டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால்
முப்பத்திரண்டு எழுதி
அதில் இரண்டைக் கழித்தேன்.

இதற்கிடையில் கட்டணம்.
வரியெல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குப் பக்கம்.
ஸ்டெல்லாபாய் அக்காவிடம் குலுக்குச் சீட்டு,
மாசம் இரண்டாயிரம், பதினைந்து பேர்.
ஆவணியில் விழவில்லை. புரட்டாசியில் விழவில்லை.
ஐப்பசியில் மழையோடு மழையாகப் போய்
வெறுங்கையோடு திரும்பினேன்.
"அடுத்த மாசம் உனக்காக்கும், பாத்துக்கோ" என்றாள் அக்கா,
பதினைந்து பேரிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள்.
ஆறு வாரமும் இல்லை, ஆறு மாசமும் இல்லை.
என் நாளைக் குறித்துவைத்திருந்தது
ஹார்லிக்ஸ் குப்பிக்குள் மடித்துக் கிடந்த ஒரு துண்டுக் காகிதம்.

நேற்று அது விழுந்தது.

சந்தோஷம் வருமென்று நினைத்திருந்தேன்.
வயிற்றில் புளி கரைந்ததுதான் மிச்சம்.
பணம் இல்லை, பணம் இல்லை என்று
எவ்வளவு சௌகரியமாய்
அறுநூற்று நாற்பதாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்!
ராத்திரி தேதி போடும் பக்கத்தைத் திறந்து
திருவனந்தபுரம் மையம், தை மாசம், சனிக்கிழமை,
அதுவரைக்கும் விரல் போயிற்று.
அழுத்தவில்லை. சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இன்றைக்குப் பார்த்து
பாறசாலையில் வண்டி நிற்கவில்லை.
எதிர்வண்டி தாமதமாம்,
கிராசிங் நெய்யாற்றின்கரைக்குத் தள்ளிப்போனது.
அறுநூற்று நாற்பத்தொன்றில் கட்டைவிரலை வைத்தபடி இருக்கிறேன்.
அங்கே எத்தனை நிமிஷம் நிற்குமென்று
கார்டுக்கே தெரியாது.